ஒரு பல் தள்ளி

பட்டறை
திங்கட்கிழமை, மத்தியானம்

மகள் வீட்டிலேயே குடியேறிவிட்ட என் வீட்டுக்காரிக்கு, இங்கே உயிரோடும் ஓரளவு துவைத்த சட்டையோடும் இருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதுவது.

பஸ்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். போனில் பேசக்கூடாதா என்று கேட்டிருக்கிறாய். நீ போனை எடுத்ததுமே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் "எப்படி இருக்கே" என்று கேட்டால் மகள் "நல்லா இருக்கேம்பா" என்கிறாள், மாப்பிள்ளை இருமுகிறார், பேத்திக் குட்டி வீல் என்று கத்துகிறாள். பொண்டாட்டியிடம் பேச வேண்டியதை மாநாட்டில் பேச எனக்கு வராது. அதனால்தான் தாளும் பேனாவும். தினமும் அந்தப் பக்கம் போய்வருகிற பஸ்காரர் சட்டைப் பையில் கடிதம் போகட்டும். அவர் ஸ்கூட்டருக்கு நான் போட்ட பிரேக் நினைவிருக்கிறவரை படித்துப் பார்க்க மாட்டார்.

முதலில் குட்டிக்குப் பல் முளைத்ததில் ரொம்ப சந்தோஷம். பாட்டி விரலைத்தான் முதலில் கடித்தாளாம், இன்னும் சந்தோஷம்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். நாலு பக்கக் கடிதத்தில் "கீழ்வீட்டு லிப்ட்காரர்" பதினொரு இடத்தில் வருகிறார். எண்ணிப் பார்த்தேன். நான் இரண்டு இடத்தில் வருகிறேன், அதில் ஒன்று பனியன் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதற்காக. லிப்ட்காரர் குழாய் ஒழுகலை நிறுத்தினார், குட்டியின் தள்ளுவண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார், லிப்ட்காரருக்குப் பெண்சாதி இல்லை பாவம், லிப்ட்காரரே சமைத்துக்கொள்கிறார், ரொம்ப சுத்தம். நானும் ஒன்பது வாரமாக சமைக்கிறேன். யாரும் பாவம் என்று எழுதக் காணோம்.

போகட்டும். மாப்பிள்ளை காரைப் பற்றி அவர் என்ன சொன்னாராம்? காலையில் சாவியைத் திருப்பினால் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது, மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது, நிறுத்தி வைத்தால் குளிர் ஜுரம் வந்தது போல நடுங்குகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டு லிப்ட்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாராம். டைமிங் பெல்ட், இஞ்சினின் மேல் புல்லியையும் கீழ் புல்லியையும் சேர்த்துச் சுற்றுகிற அந்தப் பல் வைத்த பெல்ட், நழுவியிருக்கும் என்றாராம். பெல்ட் மூடியைத் திறந்து பார்க்கிறவரை சனிக்கிழமை மலை வழியாக இங்கே வரவேண்டாம் என்றாராம்.

அந்த பெல்ட்டை மாற்றியது யார்? நான். நீங்கள் எல்லோரும் இங்கிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள், இதே பட்டறையில், ஐம்பத்திரண்டு வயது வயிற்றை மடக்கிக்கொண்டு மாட்டினேன். ஏறுவது, இறங்குவது இரண்டைத் தவிர வேறெதுவும் தெரியாத மெஷினை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பவர் என் பெல்ட்டைக் குறை சொல்கிறார். பிளக் அழுக்காக இருக்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் மட்டமாக இருக்கும். மாப்பிள்ளையிடம் பிளக் நாலையும் மாற்றச் சொல்லு. மூடியைத் திறக்க விடாதே. சனிக்கிழமை கிளம்பி வா. மூன்று வாரம் என்று சொல்லிப் போனவள் நீ.

பக்கத்துக் கடை டெய்லரம்மா தினமும் "அக்கா எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறாள். சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்காதே.

எல்லோருக்கும் என் அன்பு. லிப்ட்காரருக்கு விசாரிப்பு மட்டும்.

உன் அவர்

*

பட்டறை
புதன்கிழமை

திறக்காதே என்றால் திறப்பவளுக்கு,

பிளக் நாலும் பளிச்சென்று இருந்ததாம், திறந்தேவிட்டீர்களாம். போட்டோவும் பார்த்தேன்.

வலது முன் சக்கரத்தைக் கழற்றி, கீழ் புல்லியை ஸ்பானரால் சுற்றி, அங்கே குறியை நேராக நிறுத்திவிட்டு மேலே பார்த்தால் மேல் புல்லியின் குறி ஒரு பல் தள்ளி நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். சரி, முறையாகத்தான் பார்த்திருக்கிறார். லிப்ட்டிலும் புல்லி இருக்கிறதல்லவா.

அந்தச் சிவப்புக் குறி உன் நெயில் பாலிஷ்தான். பெயின்ட் எண்ணெயில் உரிந்துவிடும், அது உரியாது, அதனால் எடுத்தேன். நீ வீடெல்லாம் தேடியபோது நானும் சேர்ந்து தேடினேன், மன்னித்துவிடு. ஆனால் அதை அவர் "நல்ல கலர்" என்று சொன்னார் என்பதை எனக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன?

நீ டார்ச் பிடித்தாயாம். கை ஆடாமல் பிடித்தாய் என்று அவர் பாராட்டினாராம். கல்யாணமான புதிதில் எனக்கும் ஒரு தடவை பிடித்தாய். வெளிச்சம் ஆடுகிறது, உள்ளே போ என்று கத்தினேன். அப்புறம் நீ பட்டறைப் பக்கம் டீ டம்ளரோடு வந்ததோடு சரி. அதை நீ மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பல் பெரிய விஷயம் இல்லை. பெல்ட் விற்ற கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டியிருப்பான். மெதுவாக ஓட்டினால் வந்துவிடலாம். லிப்ட்காரர் பயப்படுகிறவர். அவருக்கு நாலு மாடிக்கு மேல் போய்ப் பழக்கம் இருக்காது.

சனிக்கிழமைக்கு வீட்டைக் கூட்டி வைக்கிறேன். உன் தலையணையை வெயிலில் போட்டிருக்கிறேன்.

உன் அவர்

*

பட்டறை
வியாழக்கிழமை, சாயங்காலம்

என் மனைவிக்கு,

காலையில் போன் பண்ணி, வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணாதீங்க, சாவியை எடுத்து உள்ளே வையுங்க என்று இரண்டே வரி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். "ஏங்க, என்னாச்சு?" என்று நீ கேட்டது காதில் விழுந்தது. பதிலை மாநாட்டில் சொல்ல முடியாது. இதைத் தனியாக உட்கார்ந்து படி.

இன்று காலை பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பெல்ட் பல் தாண்டியிருக்கிறது. பாலத்து ஏற்றத்தில், நடுவில், இஞ்சின் நின்றுவிட்டதாம். பிரேக் கல் மாதிரி ஆகிவிட்டதாம், ஸ்டியரிங் திரும்பவில்லையாம், வண்டி பின்னால் உருண்டதாம். உள்ளே அவர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். பின்னால் வந்த லாரிக்காரன் நல்லவன், தள்ளி நிறுத்தினான். இஞ்சினின் மேல் மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தேன். வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி, எட்டு வால்வும் வளைந்து கிடந்தன. மாப்பிள்ளை காரிலும் அதே இஞ்சின்தான்.

அந்த டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார், டம்ளர் பல்லில் இடித்து டக் டக் என்றது. எனக்குக் குட்டியின் புதுப் பல் நினைவு வந்தது. எழுந்து போய் உனக்குப் போன் போட்டேன்.

புதன்கிழமை எனக்கு வந்த உன் கடிதத்தின் கடைசி வரியை நான் படிக்காத மாதிரி இருந்துவிட்டேன். டென்ஷனர் போல்ட் விரலாலேயே சுற்றியது, ஸ்பானரே தேவைப்படவில்லை, இது எப்படி என்று லிப்ட்காரர் கேட்டார் என்று எழுதியிருந்தாய். பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது டென்ஷனர் என்கிற அந்த உருளைதான். அதன் போல்ட் தளர்ந்தால் பெல்ட் தொளதொளவென்று ஆகி, என்றைக்காவது ஒரு நாள் பல் தாண்டும். கடைக்காரன் மேல் தப்பில்லை. பெட்ரோல் மேலும் தப்பில்லை.

அன்றைக்கு பெல்ட்டை மாட்டிவிட்டேன். போல்ட்டைக் கையால் திருகி வைத்துவிட்டு, இஞ்சினை இரண்டு சுற்று கையால் சுற்றி, குறி நேராக நிற்கிறதா என்று மறுபடி பார்த்து, அப்புறம்தான் ஸ்பானரால் இறுக்க வேண்டும். முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். ஸ்பானரை எடுக்க எழுந்தேன். உள்ளே நீ பெட்டி அடுக்கிக்கொண்டே மகளிடம் பேசிக்கொண்டிருந்தாய். "உங்கப்பாவுக்கு என்னடி, பட்டறை இருந்தா போதும். நான் மூணு மாசம் இருந்தாக்கூட கவனிக்க மாட்டார்" என்றாய். இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

ஸ்பானரைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன், சண்டை போட்டேன். எதற்கு? பெட்டி கனமாக இருக்கிறது, வண்டி தாங்காது என்று. எட்டுச் சேலைக்கு வண்டி தாங்காதாம்! நீ அழுதாய். இரண்டு சேலையை எடுத்து வெளியே வைத்தாய். நான் திரும்பப் போய் மூடியைப் போட்டு மூடினேன். சுற்றிப் பார்க்கவில்லை, இறுக்கவும் இல்லை. அந்த இரண்டு சேலையும் இன்னும் கட்டில் மேல்தான் இருக்கின்றன.

திங்கட்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இழுத்து ஸ்டார்ட் ஆவது, மேட்டில் முனகுவது, நடுங்குவது, இதைக் கேட்டால் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனாலும் பிளக் என்று எழுதினேன். பெல்ட் என்று எழுதினால் சனிக்கிழமை நீ வர மாட்டாய். லிப்ட்காரர் சொன்னது சரி என்றும் ஆகிவிடும். இந்த இரண்டில் எது என்னை அதிகம் உறுத்தியது என்று கேட்காதே, முறை வைத்து உறுத்தின. ஒன்பது வாரத்துக்கு முன்னால் மகள் மேல் பொறாமை, அப்புறம் குட்டி மேல், இப்போது கீழ்வீட்டு மனிதர் மேல். பொறாமைப்பட ஆள் கிடைக்காமல் போனால் டெய்லரம்மாவின் தையல் மெஷின் மேல் படுவேன் போலிருக்கிறது. ஆனால் அதற்காக உங்களை மலைப் பாதையில் ஏற்றிவிடப் பார்த்தேனே, அதை எழுதும்போது மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். அடித்த இடங்களைப் பார்த்திருப்பாய்.

பஸ்காரரிடம் புது பெல்ட்டும் புது டென்ஷனரும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பல் தாண்டின பழைய பெல்ட்டை நம்பவேண்டாம். லிப்ட்காரரே மாட்டட்டும். நான் கிளம்பி வந்து செய்யலாம்தான். ஆனால் இந்த டீச்சர் வண்டியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தால், வேறு ஏதாவது போல்ட்டை மறப்பேன். மாட்டியபின் இஞ்சின் சுற்றும் திசையில் மட்டும் இரண்டு சுற்று, கையால், மெதுவாக. எங்காவது தட்டினால் நிறுத்திவிடச் சொல். இரண்டு குறியும் நேராக நின்றால் போல்ட்டை இறுக்கட்டும், அதற்கப்புறம் இன்னும் இரண்டு சுற்று. அவர் செய்வார். பிளக்கைப் பார்த்துவிட்டு மூடிக்குப் போனவர், விரலால் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தவர், நல்ல வேலைக்காரர். இந்த வரியை எழுத எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.

அவசரப்பட்டுச் சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டாம். நீயும் சனிக்கிழமை வரவேண்டாம். டெய்லரம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும், அவர் வண்டி. மாமனார் போல்ட்டை இறுக்க மறந்துவிட்டார் என்று சொல்லு. லிப்ட்காரரிடமும் சொல்லு, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. மகள் சிரித்தால் சிரிக்கட்டும். அன்றைய சண்டையின் நிஜக் காரணத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே. ஒன்பது வாரமாக மற்ற எல்லாம் ஸ்பீக்கரில் போய்விட்டது. நமக்கு மட்டும் என்று அது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது.

மகளும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். கீழ்வீட்டு மனிதரும் நன்றாக இருந்துவிட்டுப் போகட்டும், கீழ்வீட்டிலேயே.

எப்போது வருகிறாய் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைக் கவனித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்