கயிறு பிடித்த கை

பம்பாய்
4-3-1974

அன்புள்ள அண்ணனுக்கு மெட்டில்டா எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நான் நாலு கடிதம் போட்டால் நீங்கள் ஒன்று போடுகிறீர்கள், அதுவும் அரைப் பக்கம்.

ஏப்ரலில் அவருக்குப் பத்து நாள் லீவு. நம் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் அவர் அப்பா வீட்டில் தங்குகிறோம். நம் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்கவில்லை. மாதா கோயிலுக்கு வெளியே கல்யாணம் பண்ணிக்கொண்டவளின் புருஷன் நம் வாசல்படி மிதிக்கக் கூடாது என்றீர்கள். நாலு வருஷமாகக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது.

ஒரே ஒரு உதவி. கப்பல்காரச் சிநேகிதர் ஒருவர் அவருக்கு முகத்தில் மாட்டும் கண்ணாடியும், வாயில் வைத்து மூச்சு விடும் ரப்பர் குழாயும் கொடுத்திருக்கிறார். முயல் தீவுப் பக்கம் பவளப்பாறையை ஒருநாள் முழுக்கப் பார்க்க வேண்டும் என்று குதிக்கிறார். உங்கள் வள்ளம் வேண்டும். நீங்கள் வர வேண்டாம், ஓட்ட ஒரு ஆளை அனுப்பினால் போதும்.

உங்கள் பாசமுள்ள தங்கை,
மெட்டில்டா


தூத்துக்குடி
15-3-1974

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா சுகம். ஏப்ரல் 22 காலை ஐந்தரைக்குக் கரையில் வள்ளம் நிற்கும். ஜேசுபாதம் ஓட்டுவான். எனக்கு வேறு வேலை இருக்கிறது. நீ கேட்டதால் தருகிறேன், வேறு யாருக்காகவும் இல்லை.

இஞ்ஞாசி


பம்பாய்
5-5-1974

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். என் முதுகு வெயிலில் தோலுரிந்து கிடக்கிறது.

ஜேசுபாதத்துக்குக் காய்ச்சல் என்று நீங்களே வந்து நின்றீர்கள். அவன் எதிர் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்ததை நாங்கள் பார்த்தோம். வள்ளத்தில் அவர் ஒரு முழம் தள்ளி இருக்கும்போது, "ஏளா, அவர இங்கன உக்காரச் சொல்லு" என்று என்னிடம் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவர் இறங்கப்போன நேரம் இடுப்பில் கயிற்றைக் கட்டினீர்கள்.

"மேலதான மிதக்கப் போறேன், இது எதுக்கு?" என்றார் அவர்.

"கட்டாம இறங்குனா வள்ளத்தத் திருப்பிருவேன்னு சொல்லுளா."

நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து தண்ணீருக்குள் பார்த்தேன். மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளம், அதற்குள் நீலமும் மஞ்சளுமாகக் குஞ்சு மீன்கள். இந்தக் கடலோரத்திலேயே பிறந்துவிட்டு இருபத்தாறு வயதில்தான் பார்க்கிறேன்! ஆனாலும் பாதி நேரம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த உங்கள் கையைத்தான் பார்த்தேன். நான் பிடிக்கேன் என்றபோது, "நீ பிடிக்கக் கூடாது" என்றுவிட்டீர்கள்.

முத்துக்கோ சங்குக்கோ இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். தன் தங்கை தாலியறுக்க விடமாட்டான் என்கிற நம்பிக்கை. அப்பா இறங்கும்போது மாமாதான் பிடிப்பார். கடைக்கார வீட்டில் பிறந்த இவருக்கு இதெல்லாம் தெரியாது. "ஒங்கண்ணன் எனக்கு நீச்சல் தெரியாதுன்னு நெனச்சுட்டாரு" என்று சிரிக்கிறார். நானாக ஓர் அர்த்தம் பண்ணிக்கொண்டு ஏமாந்து போகப் பயமாக இருக்கிறது. தெரிந்துதான் பிடித்தீர்களா, அண்ணே? ஒரு வரி எழுதுங்கள்.

மெட்டில்டா


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
20-5-1974

அன்புள்ள மாப்பிள்ளை செந்தூர்பாண்டி அவர்களுக்கு,

தங்கைக்கு எழுத உட்கார்ந்து, நாலு தாளைக் கிழித்துவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். அவள் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாள். என்ன என்று அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம், தெரிந்துதான் பிடித்தேன்.

உண்மையைச் சொன்னால், அன்றைக்கு உங்களோடு சண்டை போடத்தான் வந்தேன். நடுக்கடலில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு அசையாமல் கிடந்தீர்கள். மீன் பார்த்தீர்களாம்! எனக்கு உயிரே போய்விட்டது. கரைக்கு வந்த பிறகுதான் சண்டை போட மறந்தது ஞாபகம் வந்தது.

தங்கையை நாலு வருஷம் அழவைத்துவிட்டேன். அதற்கு அவளிடம் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆகஸ்டில் மாதா கோயில் திருவிழா. இரண்டு பேரும் ரயிலை விட்டு இறங்கி நேரே நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்களுக்கு என்ன கறி பிடிக்கும் என்று அம்மா கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதுங்கள்.

உங்கள் மச்சான்,
இஞ்ஞாசி