சிற்றுந்து நிற்காமல் அதன் சக்கரம் மட்டும் நேராக வேண்டி

அனுப்புநர்:
ஜெய்புன்னிசா, க/பெ. அமீர்,
வடகம், வற்றல் வியாபாரம்,
ஓடை வளைவு, மணலோடை கிராமம்,
செய்யூர் வட்டம்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: எங்கள் ஊர்த் தனியார் சிற்றுந்தின் ஸ்டியரிங் கோளாறு, அதனால் டயர் தேய்ந்து ஓடை கெடுவது – நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் வீடு ஓடைப் பாலத்து வளைவை ஒட்டி உள்ளது. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி விரித்து அரிசி வடகம் காயவைத்து, அணுபுரம் குடியிருப்பில் விற்று வருகிறேன். சில மாதங்களாக வடகத்தின் மேல் கருப்புத் தூள் படிகிறது. ஊதினால் போவதில்லை, விரலால் தேய்த்தால் அழிரப்பர் தூள் போல் திரிகிறது.

2. எங்கள் பகுதியில் எது நடந்தாலும் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் மேல் பழி போடுவது வழக்கம். இதையும் அப்படியே பேசினோம். அங்கே வேலை பார்க்கும் வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் வடகத்தை வாங்கவில்லை. ஆடித் திருவிழாவுக்குச் சாலையை அடைத்து, சிற்றுந்து வராமலிருந்த நாட்களில் வடகம் பளிச்சென்று காய்ந்தது. அப்போதுதான் தூள் சிற்றுந்தின் டயரிலிருந்து வருவது எனக்கு விளங்கியது.

3. ஓட்டுநர் வரதன் மேல் குற்றமில்லை. கேட்டதற்கு, "ஸ்டியரிங்கு எடப்பக்கமே இய்த்துகினு போவுதுக்கா, நான் இன்னா பண்றது? ஓனராண்ட சொல்லிச் சொல்லி வாயே வலிக்குது" என்றார். சக்கரங்கள் நேராக உருளாமல் சாலையில் உரசிக்கொண்டே வருகின்றன. முன் டயரின் ஒரு பக்கம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. புது டயர் மாட்டினாலும் அதே கதிதான். டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது, புகையும் அதற்கேற்றபடி.

4. மழை பெய்தால் அந்தத் தூள் ஓடையில் இறங்குகிறது. ஓடை கடலோடு சேருமிடத்தில் பக்கத்து வீட்டுச் சந்திரம்மா கையால் துழாவி இறால் பிடிக்கிறார். அதைப் பிள்ளைகளுக்கு ஆக்கிக் கொடுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

5. ஐயா, இம்மனுவை எழுதவே பயமாக இருக்கிறது. முன்பு கதவு சரியில்லை என்று ஊரார் மனு கொடுத்தபோது, பழுது பார்க்கக் கொண்டுபோன வண்டியை உரிமையாளர் மழைக்காலம் முழுக்கத் திருப்பி அனுப்பவில்லை. என் மகள் ஹம்னா கல்லூரிக்குப் போவதும், சந்திரம்மா இறால் கூடையோடு சந்தைக்குப் போவதும் அந்த ஒரே வண்டியில்தான்.

ஆகவே, ஸ்டியரிங்கையும் வீல் அலைன்மென்ட்டையும் சரிசெய்யவும், அதுவரை மாற்று வண்டி விடவும் உரிமையாளருக்கு உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். மாற்று வண்டிக்கு வழியில்லை என்றால் இம்மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். வடகத்தை நான் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே காயவைத்துக்கொள்வேன். ஓடையை எங்கே எடுத்து வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இடம்: மணலோடை
நாள்: 18.09.2024

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) ஜெய்புன்னிசா