விலாக்கூடு இல்லாத விருந்தாளி

மார்ச் 3
புதுச் சுறா வந்தது. என் உயரம் இருக்கும். இத்தனை வருடமாக எங்கள் காட்சிசாலையில் பெரிய மீன்களை எப்படித் தூக்கினோமோ அப்படியே தூக்கினோம். தலைப் பக்கம் நான், வால் பக்கம் என்னோடு வேலை பார்க்கும் பையன், நாங்கள் 'மீசை' என்று கூப்பிடுபவன். நடு உடம்பு ஈரத்துணி போலத் தொய்ந்தது. தொட்டியில் விட்டதும் சாய்ந்து தரையில் படுத்துக்கொண்டது.

மார்ச் 4
மீன்களைப் பார்க்க வரும் டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
"இதுக்கு எலும்பே கிடையாதும்மா. எல்லாம் குருத்தெலும்பு, நம்ம காது மடல் மாதிரி. லேசா இருக்கும், வளைஞ்சு குடுக்கும், அதான் அப்படி நீந்துது. ஆனா உள்ள இருக்கறதக் காக்க விலாக்கூடு இல்ல. தண்ணிதான் தாங்குது. வெளிய எடுத்தா அடியில முழுசாத் தாங்கணும்."
மிதக்க வைப்பது ஈரலில் உள்ள எண்ணெயாம். சாப்பிடாமலே கிடந்தால் ஈரல் சுருங்கும், சுறா அடியில் மூழ்கிப் போகும் என்றார். பிழைக்குமா? ஐயோ, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்!

மார்ச் 5
மார்பளவுத் தண்ணீரில் மாறி மாறி அதை அணைத்து நடத்தினோம். செவுளில் தண்ணீர் ஓடினால்தானே அதற்கு மூச்சு. அவசரத்தில் வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிவிட்டேன். தோல் முழுக்கப் பல் போன்ற பொடிச் செதில்கள், எல்லாம் பின்னோக்கி. நீர் தடையில்லாமல் ஓடத்தான் அந்த ஏற்பாடு. என் உள்ளங்கை சிராய்த்துப் போயிற்று.
வீட்டில் என் கைக்குக் கட்டுப் போட்டுவிட்ட வீட்டுக்காரர், "கேரட் துருவுறதுல கைய விட்டியா?" என்றார். சிரித்தேன், அழுகையும் வந்தது.

மார்ச் 6
சுறா இன்னும் சாப்பிடவில்லை.

மார்ச் 7
மீசைக்கு விடுமுறை. ஆனாலும் வந்து நின்றான்.
"வீட்ல இருப்புக் கொள்ளலக்கா. தப்பு ரெண்டு பேரோடது. நீங்க மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்காதீங்க."
நேரில் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன் — நன்றிடா தம்பி.

மார்ச் 10
என் பிடியிலிருந்து நழுவியது. போச்சு என்று நினைத்தேன். வாலை ஒரு வீசு வீசி, தானே தொட்டியைச் சுற்றி வந்தது! மீசை ஈரக் கையோடு கும்பிட்டான்.

மார்ச் 11
மீன் துண்டைக் கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்வி விழுங்கியது. டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை நான்.

மார்ச் 29
பெரிய தொட்டிக்கு மாற்றினோம். மூக்கு முதல் வால் நுனி வரை அடியில் தார்ப்பாய், இரண்டு பக்கமும் வரிசையாக ஆட்கள். தண்ணீருக்குள் இறக்கியதும் புறப்பட்டது. போகிற போக்கில், கட்டுப் பிரித்த என் உள்ளங்கையைத் தன் தலையிலிருந்து வால்வரை உரசிக்கொண்டு போனது.
ஒரு கீறல்கூட இல்லை.