அல்பேர்ட்டின் தோட்டாவும் என் தராசும்

11 ஒக்டோபர் 2005, செவ்வாய்

எங்கள் ஜேர்மன் உணவகத்தின் குளிரறையில் இரண்டு காட்டுப்பன்றிகள். காதில் கட்டிய அட்டையில் சுட்டவரின் பெயர் இருக்கும். நான் இப்போது அட்டையைப் பார்ப்பதே இல்லை. தோலை உரித்தால் போதும். ஒரு ஓட்டை, அதன் விளிம்பு வரை நல்ல இறைச்சி என்றால் சுட்டது மிருக வைத்தியர் கெர்லிண்டே. இரண்டு முன்னந்தொடையும் கறுத்து, இரத்தம் ஜெலி போலக் கட்டிக் கிடந்தால் அல்பேர்ட்.

பெரிய செஃப் அன்ரன் வருட முடிவோடு ஓய்வு பெறுகிறாராம். அந்த இடம் எனக்கா, வெளியாளுக்கா? பதினான்கு வருடமாக இந்தக் குசினியில் நிற்கிறேன். ஆசை இல்லை என்று எழுதினால் பொய். முடிவு எங்கள் முதலாளி ரோஸ்விதாவின் கையில். சரியாகச் சொன்னால் பாதி அவர் கையில், மற்றப் பாதி அவருடைய அண்ணன் கையில். அண்ணன் யார்? அதே அல்பேர்ட்.

14 ஒக்டோபர், வெள்ளி

வேட்டைக்காரர் மேசையில் இன்றும் தோட்டாச் சண்டை. வசந்தத்தில் .300 மக்னம் துவக்கு வாங்கிய நாளிலிருந்து அல்பேர்ட்டுக்கு வேறு பேச்சில்லை. அதன் சன்னம், தோட்டாவிலிருந்து பறக்கும் ஈயமுனை, அவ்வளவு வேகமாம், பட்ட இடத்திலேயே பன்றி விழுமாம். கெர்லிண்டேயின் 9,3 துவக்கின் சன்னம் தடித்தது, பாரமானது, மெதுவானது. அதை "பழைய உழவு மெஷின்" என்று நக்கலடித்தார். தபால்காரரின் .308 இரண்டுக்கும் நடுவில். அவரும் நடுவில் இருந்து பியர் குடித்தார்.

திடீரென்று என்னைக் கூப்பிட்டார் அல்பேர்ட். "வெட்டுறவனுக்குத்தானே தெரியும்! தவா, டிசம்பர் வரை நிறுத்துப் பாரும். ஆரின்ர தோட்டா கூட இறைச்சியைப் பழுதாக்குதோ, அவர் டிசம்பர் வேட்டை விருந்து நாளில கையால கோப்பை கழுவவேணும்."

எல்லோரும் கை கொடுத்துக்கொண்டார்கள். துவக்கைத் தொட்டே பார்க்காத என்னை நீதிபதி ஆக்கிவிட்டார்கள்.

15 ஒக்டோபர்

மனைவி சந்திரகாந்தியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். தோசைக்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏனப்பா இந்த வேலை? அந்த மனிசன்தானே பாதி முதலாளி. ரெண்டு கிலோவை ஒரு கிலோ எண்டு எழுதினா வானம் இடிஞ்சு விழுமே?"

2 நவம்பர், புதன்

வெட்டி எறிவதை நிறுக்கிறேன். எத்தனை மீற்றரில் சுட்டார்கள், எங்கே பட்டது என்பதையும் கேட்டு எழுதுகிறேன். இதுவரை சராசரி: கெர்லிண்டே நானூறு கிராம். தபால்காரர் தொள்ளாயிரம். அல்பேர்ட் இரண்டு கிலோ முந்நூறு.

இதில் என் பிழையும் இருக்கிறது. வசந்தம் தொடங்கி அவருடைய பன்றிகளில் கறுத்ததை எறிந்துவிட்டு, பொரியலுக்கும் உதவாத கிழிந்த துண்டுகளை எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வறுத்த தூள் போட்டுக் கறியாக்கி வந்தேன். வெள்ளிக்கிழமை அதைச் சாப்பிட்டுவிட்டு அவரே, "என்ர பன்றியில ஒரு துண்டும் வீண் போறேல்லை" என்று பெருமை பேசுவார். வீண் போகாமல் பார்த்தது யாழ்ப்பாணத்துத் தூள்.

19 நவம்பர்

அல்பேர்ட்டின் பன்றி. இரண்டு கிலோ எண்ணூறு. கடவுளே.

25 நவம்பர், வெள்ளி

அல்பேர்ட்டின் அந்த இரண்டு கிலோ எண்ணூறை அழித்தேன். "ஒரு கிலோ" என்று எழுதினேன். தராசை ஏமாற்றித்தான் நான் செஃப் ஆகவேணுமோ? எனக்கு ஏலாது. திரும்ப அழித்தேன். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

2 டிசம்பர், வெள்ளி

வேட்டைக்காரர் மேசையில் நிறுவைக் கணக்கை வாசித்தேன். அல்பேர்ட் சிவந்துபோனார். "துவக்கே பிடிக்கத் தெரியாதவர் எனக்குச் சொல்ல வந்திட்டார்!"

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? "துவக்கில பிழையில்லை, ஐயா. அது தூரத்து மலைக்கு ஏத்தது. நீங்கள் பரணில இருந்து நாற்பது மீற்றரில சுடுறியள், அதுவும் தோள் சப்பை எலும்பில. அந்த வேகத்தில சன்னம் வெடிச்சுச் சிதறுது." அதோடும் நிற்கவில்லை. "ஆறு மாசமா உங்கட மானத்தைக் காப்பாத்தினது என்ர கறி."

தபால்காரருக்குப் பியர் மூக்கால் வந்தது. கெர்லிண்டே மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அல்பேர்ட் தொப்பியைக்கூட எடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

3 டிசம்பர்

"நல்ல வேலை பாத்தியள்" என்றாள் சந்திரகாந்தி. போச்சு. பதினாலு வருசமும் போச்சு. ஏன்டா தவராசா, உனக்கு வாய் கொஞ்சம் நீளமில்லையா?

10 டிசம்பர், சனி

வேட்டை விருந்து, அறுபது பேர். அல்பேர்ட் வரமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். மதியம் குசினிப் பின்கதவால் வந்தார். அன்ரனின் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைத் திறந்தார். மெஷின் இருக்கிறது என்றேன். "கையாலதான் எண்டு கதைச்சது" என்றார்.

இரண்டு கோப்பை உடைந்தது. பிறகு, திரும்பாமலே, "எந்த இடம்?" என்றார்.

குளிரறைக்குக் கூட்டிப்போய், தொங்கிய பன்றியின் சப்பைக்குப் பின்னால், விலாவில் கட்டை விரலை வைத்துக் காட்டினேன். நான் எடுத்ததும் அவர் தன் சோப்பு விரலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கு அந்த மனிதரை அப்போது நிரம்பப் பிடித்துப்போனது.

17 டிசம்பர்

அன்ரனின் இடம் யாருக்கென்று ரோஸ்விதா இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

22 டிசம்பர், வியாழன்

காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது குசினித் தொலைபேசி அடித்தது. அல்பேர்ட். ஸ்டுட்கார்ட்டில் துவக்குக் கடையில் நிற்கிறாராம்.

"மக்னத்தைக் குடுத்திட்டன். 9,3 வாங்குறன். கடைக்காரன் மூண்டு விதமான சன்னம் காட்டுறான். எது வேணும், ஹெர் செஃப்?"

"செஃப் அன்ரன் இன்னும் வரேல்லை, ஐயா."

"அன்ரனை ஆர் கேட்டது? ரோஸ்விதா உம்மட்ட இன்னும் சொல்லேல்லையே? உம்மட விசயம் விருந்துக்கு அடுத்த நாளே முடிவாச்சு. சரி, அதை விடும், இவன் காத்துக்கொண்டு நிக்கிறான். பாரமானதோ, லேசானதோ?"

பாரமானது என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்.