ஏற்புவலி என்றே எழுதினேன்

1935 ஜனவரி 22, செவ்வாய்

அலவத்துகொடையில் பிறந்து ஒரு வாரமே ஆன குழந்தை இறந்துவிட்டது. தாடை இறுகி, உடல் வில்லாக வளைந்திருந்தது.

"இப்ப எல்லாரும் மலேரியாக் காச்சல்லதானே மவுத்தாகுற, டாக்டரம்மா. அதையே மரணச் சீட்டுல எழுதுங்களே. எங்கட உம்மாட மனசு தாங்காது" என்றார் தகப்பன்.

ஏற்புவலி என்றே எழுதினேன். அழுக்குக் கருவி பட்ட புண் வழியே கிருமி ஏறி வருவது அது. கொப்பூழ்க்கொடியை எதனால் அறுத்தீர்கள் என்று தகப்பனின் தாயாரிடம் கேட்டேன். பாக்குவெட்டியைக் காட்டினார்.

"இதுல அழுக்கா? அன்றாடம் நான் பாக்கு வெட்டுற சாமான்!"

அந்த அம்மாவின் மகளுக்கும் இது நிறைமாதம். அந்தப் பிள்ளைக்கும் அவர்தான் அறுப்பாராம். வலி கண்டதும் ஆளனுப்பச் சொன்னேன். மகள் தாயைப் பார்த்தாள்.

ஆள் வராவிட்டாலும் நாளையிலிருந்து தினமும் அந்த வீட்டுக்குப் போவேன். ஏசினால் கேட்டுக்கொள்வேன். வெற்றிலை தந்தால் மறுக்க மாட்டேன். கொதிக்க வைத்த கத்தரிக்கோல் என் பையில் இருக்கும்.