தும்மியவருக்குக் குடை மறுத்த வழக்கு

நெடுமுடி நாட்டு வேந்தர் அலைவாய்க்கோ பெருந்தகையார் திருவுளப்படி, பேரமைச்சர் மருதங்கொற்றனார், பவழக்கரை நகரத் தலைவர் மாவளத்தாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் நகரத்து விளக்குகள் காற்றுக்கு அணையாதிருக்க; நகரத்தார் உண்ட சோறு செரித்திருக்க; தங்கள் முழங்கால் வலி இவ்வோலை வந்து சேருமுன் நீங்கியிருக்க.

கடைக்காரர்கள் தெய்வத்தின் பெயரால் ஆளைப் பிரித்துப் பொருள் விற்கும் வழக்கம் தங்கள் நகரிலும் தலைகாட்டியிருப்பதாகவும், தலைநகரில் குடைக்காரி காரிநங்கையின் வழக்கு எவ்வாறு முடிந்தது என அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடியே வரைகிறோம்.

காரிநங்கை தெற்கு வீதியில் தாழங்குடை பின்னி விற்பவள், மழையம்மையைக் கும்பிடுபவள். மூன்றாண்டு வறட்சியில் நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, முதல் தூறல் விழுந்த நாளில் பிறந்தவள். ஆதலால் மழையம்மையே தன்னை அனுப்பிவைத்தாள் என உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கையை நாம் நகைக்கவில்லை. தாங்களும் நகைக்க வேண்டா. நகைப்பதற்கு உரியவை பின்னே வருகின்றன.

கடை திறந்தவர், வருபவரின் தெய்வம் எதுவெனக் கேட்டல் ஆகாது என்பது வேந்தரின் ஆணை. காரிநங்கை கேட்கவில்லை. கடைவாசலில் ஒரு தட்டு நிறைய மிளகுப்பொடி வைத்து, ஆள் வரும்போதெல்லாம் ஓலை விசிறியால் வீசினாள். வந்தவர் எவராயினும் தும்மினர். மழையம்மையின் அடியார்கள் தும்மினால் “அம்மையே” என்பர். ஞாயிறாகிய வெய்யோனை வணங்குவோர் “வெய்யோனே” என்பர். பின்னவருக்கு அன்று குடை இல்லை.

உப்பளத்துக்காரர் எயினன் மும்முறை தும்மி மும்முறையும் வெய்யோனை அழைத்தார். தூறல் விழுந்தாலே விளைந்த உப்பு கரையும் ஆதலால், மழை வாராதிருக்க நாள்தோறும் கைகூப்பும் குடியினர் அவர். ஐப்பசியில் மகள் பூவிழிக்குத் திருமணம். மணமக்கள் இருவரும் நிற்கத்தக்க பெருங்குடை வேண்டி வந்திருந்தார்.

“மழையே வேண்டாம்னு கும்பிடற ஆளுக்குக் குடை எதுக்குய்யா?” என்றாள் காரிநங்கை.

“கும்பிட்டும் பெய்யுதே தாயி, அதுக்குத்தான். மேலே ‘மழையே ஓடிப்போ’ன்னு கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்துடு. எங்க வழக்கம் அது.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பின்னால் நாற்பது குடைகள் தொங்கிக்கொண்டிருக்க, குடை தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்தினாள்.

எயினன் அரசவையில் முறையிட்டார். அவள் கலங்காமல் நின்றாள். “நான் எதுவும் கேக்கலைங்க. அவரு தும்மினாரு. தும்மல்ல வந்த சேதிக்கு நான் என்ன பண்ணுவேன்?”

தும்மல் வாக்குமூலம் ஆகுமா என ஐந்து நீதியாளர்களும் அரை நாள் வாதிட்டனர். சான்றாகக் கொணர்ந்த மிளகுத் தட்டு கைமாறி வருகையில் அவை முழுதும் தும்மியது. பதினைந்தாண்டுகளாக மழையம்மை விழாவில் முதல் வடம் பிடித்து வந்த மூத்த நீதியாளர், ஊர் கேட்க “வெய்யோனே” என்றார். வேந்தர் மட்டும் மேலாடையால் வாயை இறுக மூடிக்கொண்டார். அவர் யாரை அழைத்தார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. தெரியாதிருப்பதே நாட்டுக்கு நலம்.

சிரிப்பு அடங்கியபின் காரிநங்கை வேந்தரை நோக்கிக் கைகூப்பினாள். “என் அம்மையைப் போன்னு என் கையாலயே எழுதச் சொல்றாரே, அது அடுக்குமா?”

வேந்தர் தீர்ப்புரைத்தார். எல்லாருக்கும் விற்கும் குடையை எயினனுக்கும் அவள் விற்றே ஆகவேண்டும். எவருக்குமே எழுதித் தராத சொல்லை அவளை எழுதச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. இருவரும் முகம் சுளித்தே வெளியேறினர். ஆகவே தீர்ப்பு சரியாகத்தான் இருக்கும் என்று வேந்தர் மகிழ்ந்தார்.

காரிநங்கை குடை பின்னினாள். மழை ஒழுகும்படி ஒரு பின்னலைத் தளர்த்திவிடலாமா என ஒருமுறை எண்ணினாள், கை ஒப்பவில்லை. மணநாளன்று அவளே எடுத்துச் சென்றாள். மணமக்கள் வீதியில் இறங்கியதும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. உப்பளத்து ஆண்கள் அறுவர் பற்றியும் காற்றில் குடை நிலைகொள்ளவில்லை. அவள் காம்பைப் பிடுங்கிக்கொண்டு, குடையைக் காற்றுக்கு எதிரே சாய்த்துப் பிடித்து நடந்தாள்.

“அக்கா, நனையறீங்களே! நீங்களும் உள்ள வாங்க” என்றாள் பூவிழி.

“இந்த மழை எனக்கு என் அம்மையோட கை, தாயி. நீ நனையாம நட.”

அண்ணாந்து முகத்தை மழைக்குக் கொடுத்தபடி அவள் வீதி முழுதும் நடந்தாள். மணமகள் கூறைப்புடவையில் ஒரு துளி படவில்லை. பின்னே எயினன், கரைந்த உப்பை நினைத்து அழுகிறாரா, மகளைப் பிரிவதற்கு அழுகிறாரா என அறிய முடியாதபடி நனைந்து வந்தார். விருந்தில் தம் பக்கத்து இலையில் அவளை உட்காரவைத்து, பாயசத்தைத் தம் கையால் வார்த்தார். அவள் மூன்று முறை வாங்கி உண்டாள்.

ஆகவே இவ்வோலை கண்ட நாள் முதல் தங்கள் நகரிலும் ஆணை இதுவாகுக: கேட்டோ, முகர்ந்தோ, தும்மவைத்தோ, வேறெவ்வகையிலோ வாடிக்கையாளரின் தெய்வத்தை அறிந்து பொருள் மறுத்தல் ஆகாது. மீறுவோர், தாம் வெறுத்த தெய்வத்தின் கோயில் வாசலில் ஒரு திங்கள் செருப்புக் காக்கக் கடவர். ஒரு செருப்பு குறைந்தாலும் மறு திங்களும் காக்கக் கடவர்.

நாரை முத்திரை இட்டு, நூல் சுற்றி, வேந்தர் திருமுன் கட்டப்பட்டது. நாடு நிலைக்க, கடைகள் திறந்திருக்க.