நடக்கும் வேலி

செப்டெம்பர் 21, ஞாயிறு

போஞ்சிக்கு மூன்றாவது பாத்தியும் வெட்டியாயிற்று. குசினிக்குப் பின்னால் உள்ள மண்திட்டின் அடியைச் செதுக்கித்தான் இடம் எடுக்க வேண்டியிருந்தது. ரமேஸ் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "பந்தல் நல்லா உயரமா போடுங்க மேடம். கொரங்குங்க குனிஞ்சு சாப்புட்டா முதுகு வலிக்கும்ல" என்றான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான்.

கிழமை நாட்களில் ஓட்டோ ஓடுகிறான், ஞாயிறுகளில் மஹய்யாவவிலிருந்து தோட்ட வேலைக்கு வருகிறான். காலையில் எனக்கு, பின்னேரம் மேல்வீட்டு ஆஸியா உம்மாவுக்கு. எல்லை பொதுவாக உள்ள இரண்டு வீட்டுக்கு ஒரே வேலையாள். என் கணக்காய்வு வேலையில் இதைக் கண்டால் நான் உடனே ஒரு கேள்வி எழுதுவேன்.

அந்த எல்லை, திட்டின் மேல் விளிம்பில் நிற்கும் கிளிசீரியா வேலி. இந்த வீட்டை நான் வாங்கும்போதே தடியாக நட்டு வேர்விட்டு நின்ற கதியால்கள். அதற்கு மேலே உம்மாவின் வளவு, இங்கே என்னுடையது. என் சொந்தச் சம்பளத்தில் வாங்கிய ஒரே நிலம்.

ஒக்டோபர் 5

குசினிப் படியில் நின்று தேநீர் குடிக்கும்போது வேலி கிட்ட வந்ததுபோல் பட்டது. கண் பொய் சொல்லும் என்று அளவுநாடாவை எடுத்தேன். தண்ணீர்த் தாங்கி வைத்த வருடம் சுவரிலிருந்து வேலிவரை அளந்தது நினைவிருக்கிறது. ஒரு சாண் குறைகிறது.

ஒரு சாண் நிலம் எங்கே போகும்?

வேலி அடைக்கும் சாட்டில் கதியாலை அடுத்தவர் காணிக்குள் அரக்கிப் போடும் ஊரில் பிறந்தவள் நான். வருடத்துக்கு நாலு விரல்தான் அரக்குவார்கள். பத்து வருடத்தில் அங்கே ஒரு தென்னை நிற்கும். மாமா ஒருவர் அப்படி ஒரு தென்னைக்காக மல்லாகம் நீதிமன்றத்துக்கு நடந்தே கிழவரானார்.

வவுனியாவிலிருக்கும் தங்கை பிரியாந்தினியிடம் சொன்னேன். "கண்டிக்குப் போயும் வேலிச் சண்டையோ அக்கா? உனக்கு ரத்தத்திலேயே ஊறினது" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவள் தொடர்மாடியில் இருக்கிறாள். சிரிக்கலாம்.

ஒக்டோபர் 8

திரும்ப அளந்தேன். நாடா பொய் சொல்லவில்லை. ஆட்கள்தான்.

ஒக்டோபர் 12

ஆஸியா உம்மா வேலிக்கு அப்பால் வந்து நின்றார். கையில் றம்பை இலை.

"என்ன மிஸ், நாளெல்லாம் வேலியையே பாத்துக்கொண்டு ஈக்கிறீங்க? அதுக்குக் கலியாணம் பேசப் போறீங்களோ?"

"வேலி சும்மா நிண்டால் நான் ஏன் பாக்கிறன்?" என்றேன்.

முகம் மாறியது. "அத நான்தான் கேக்கோணும். நீங்க கீழ வெட்ட வெட்ட எங்கட பக்கம்தானே காலியாகுது."

கேள்வி கேட்பவரிடமே கேள்வியைத் திருப்புவது. இருபது வருடமாக மேசைக்கு எதிரே இருப்பவர்களிடம் நான் காணும் உத்தி. உள்ளே வந்துவிட்டேன்.

ஒக்டோபர் 20, தீபாவளி

மேல்வீட்டிலிருந்து ஒரு தட்டு வட்டிலப்பம் வந்தது. இன்று முட்டை சாப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்தானே?

ஒக்டோபர் 21

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் ஏன் இந்த நேரம் பார்த்து?

நவம்பர் 2

ரமேசை நேராகவே கேட்டேன். உம்மா சொல்லி நீ கதியாலை மாற்றினாயா என்று.

"ஏங்க மேடம், நான் ஏன் வேலிய நவுத்தப் போறேன்? அங்கிட்டு உம்மா, 'மிஸ் சொல்லித்தானே நீ கீழ மண்ண வெட்டி இழுக்கிற'ன்னு ஏசுறாங்க. இங்கிட்டு நீங்க. ரெண்டு வீட்டுலயும் டீ குடிக்கிறேன், ரெண்டு வீட்டுலயும் ஏச்சு வாங்குறேன். பேசாம அந்தக் கொரங்குங்கள வேலைக்கு வச்சுக்கங்க."

கோபத்தில் உண்மை இருப்பதுபோல்தான் தெரிந்தது. கோபம் நடிக்க இலகுவானது என்பதும் தெரியும்.

நவம்பர் 9

மழை தொடங்கிவிட்டது. குசினியின் பின்கதவு இறுகி, தோளால் தள்ளினால்தான் திறக்கிறது. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும். தாங்கியும் ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. ரமேஸ் அடித்தளத்தை ஒழுங்காக இறுக்கவில்லை.

நவம்பர் 16

ஒன்று யோசித்தேன். கதியாலைப் பிடுங்கி நட்டால் இலை வாட வேண்டும். வேலி முழுக்கப் பச்சை. அப்படியானால் பழையதை எறிந்துவிட்டுப் புதுத் தடி நட்டிருக்கிறார்கள். புதுத் தடிக்கு வேர் இராது. ஒன்றைத் தோண்டிப் படம் எடுத்தால் போதும், சட்டத்தரணியிடம் வேறு சாட்சி தேவையில்லை.

நவம்பர் 25

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

மழையென்று கந்தோரில் மதியமே வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் வெளித்த நேரம் அலவாங்குடன் திட்டில் ஏறினேன். நடுக் கதியாலின் அடியைத் தோண்டினேன். வேர் வந்தது. என் முழங்கை மொத்தத்தில், முறுகிய, கிழட்டு வேர். அடுத்ததிலும் அப்படித்தான். அடிமரம் மட்டும் முழங்கால்போல் கீழே மடங்கி, பிறகு வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது.

யாரும் நட்டதில்லை. யாரும் பிடுங்கியதுமில்லை. அப்ப எப்படி வந்தது?

திரும்பிக் கீழே வீட்டைப் பார்த்தேன். கதவு. தாங்கி. ஐயோ, கதியால் நடக்கேல்லை, மண் நடக்குது. முழுத் திட்டும் என்ரை வீட்டை நோக்கி வருது. நான் இரண்டு மாதமாக நின்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன்!

ஒழுங்கையால் சுற்றி மேலே ஓடினேன். உம்மாவின் குசினிக்கும் வேலிக்கும் நடுவில் நிலம் நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. அவர் அதற்குள் சாம்பலும் தேங்காய்ப் பொச்சுமட்டையும் போட்டு நிரப்பியிருக்கிறார்.

"இது எப்ப தொடக்கம் உம்மா?"

"ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க அடியில வெட்டினதுல வந்ததுதான். செல்லிப் பிரயோசனமில்லன்டு நானே மூடினேன்."

உடனே வெளியேற வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் அவரைப் பார்த்த பார்வை.

"என்னைய எழுப்பிவிட்டா வேலிய எங்க கொண்டுபோய் வைக்கப் போறீங்க?"

"வீடு போகப்போகுது, நீங்கள் வேலியைக் கதைக்கிறியள்!"

"அப்ப நீங்க முதல்ல போங்க. பொறவு நான் போறேன்."

நான் முதலில் போகலாம். என் வீடுதான் கீழே இருக்கிறது. போயிருக்க வேண்டும். ஆனால் வாய் என்ன சொன்னது? "நீங்கள் இறங்கினால் நானும் இறங்குறன்." இதை எழுதும்போதுகூட, நான் போன பிறகு அவர் என்ன செய்வார் என்று ஒரு மூலை யோசிக்கிறது.

நவம்பர் 26

கிராம சேவகரிடம் தொலைபேசியில் சொன்னேன். இரண்டு வீட்டாரும் இப்போதே இறங்குங்கள், பாடசாலை மண்டபத்துக்குப் போங்கள் என்றார். அதை உம்மாவிடம் சொன்னபோது, "அவர் செல்லினாரா, நீங்க செல்லுறீங்களா?" என்றார். ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவைத்தேன். அதற்குப் பிறகும் அசையவில்லை.

கடைசியில் ரமேஸ் ஓட்டோவைக் கொண்டுவந்து ஒழுங்கை வளைவில் நிறுத்தினான். அங்கிருந்து இரண்டு வீட்டு வாசல் கேட்டும் தெரியும். மழையில் நனைந்துகொண்டு கத்தினான்: "ரெண்டு பேரும் அவங்கவங்க கேட்டு கிட்ட போங்க! நான் மூணு சொன்னதும் பூட்டுங்க! யாரு யார ஏமாத்துறாங்கன்னு நான் பாக்குறேன்! வயசான காலத்துல இது என்னங்க வெளையாட்டு!"

பூட்டினோம். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு, நான் அவரைப் பார்த்துக்கொண்டு.

ஓட்டோவில் நடுவே அவருடைய பை.

நவம்பர் 28

விடியற்காலையில் திட்டு இறங்கிவிட்டது. குசினி இல்லை. என் அறை இல்லை. பாத்திகள், தாங்கி, ஒன்றும் இல்லை. உம்மாவின் வீடு மண் அறுந்த வெட்டுவாயின் ஓரத்தில் நிற்கிறது.

என் கட்டில் இருந்த இடத்தில் ஒரு கிளிசீரியா நிற்கிறதாம். ரமேஸ் பார்த்துவிட்டு வந்து சொன்னான். பகிடி ஒன்றும் சேர்க்கவில்லை.

டிசெம்பர் 3

மண்டபத்தில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துப் பாய். காணி உறுதிப் பத்திரத்தைக் கைப்பையில் போட்டுத் தலைக்கு வைத்துக்கொள்கிறேன். அவரும் தன் பையை அப்படியே வைத்திருக்கிறார். நேற்றுக் குளிக்கப் போகும்போது, யோசித்து யோசித்து, என் பையை அவரிடம் கொடுத்தேன்.

"தொறந்து பாக்க மாட்டேன். பயப்பட வேணாம்" என்றார்.

"பாத்தாலும் பரவாயில்லை" என்றேன். முழுக்க உண்மையில்லை.

ஜனவரி 18

இழப்பைப் பதிய நில அளவையாளர் வந்திருந்தார். சேற்றில் எல்லை எது என்று தெரியவில்லை, நீங்களே காட்டுங்கள் என்றார். மகள் வீட்டிலிருந்து உம்மா வந்திருந்தார். நான் குண்டசாலை வாடகை அறையிலிருந்து.

உம்மா முந்திக்கொண்டு நடந்துபோய், தன் குசினிச் சுவருக்குக் கிட்ட, பழைய வேலிக்கு வெகு மேலே நின்று, "இந்தா, இதுதான்" என்றார்.

எனக்கு உடனே சந்தேகம். சரிவுக்குப் பிறகு வீடு கட்டவே தடைசெய்துவிட்ட நிலத்தை எனக்கு விட்டுக்கொடுப்பதில் என்ன நட்டம்? அல்லது நட்டஈட்டில் ஏதாவது கணக்கா? கிட்டப் போய் மெல்லக் கேட்டேன்.

"கணக்கு ஒண்டுமில்ல. எனக்கு ஊடு நிக்கிது. ஒங்களுக்கு மண்ணாவது கூட ஈக்கட்டுமே."

நான் திரும்பி, என் குசினி இருந்த இடத்துக்குச் சற்று மேலே இறங்கிப் போய் நின்றேன். "இல்லை சேர், அவ பிழையாச் சொல்லுறா. வேலி இஞ்சைதான் நிண்டது."

"அல்லாஹ்வே! பொய், சேர், பச்சப் பொய்! இவக்குத் தெரியாது!"

"இரண்டு மாதமா அளந்தது நான்!"

அளவையாளர் பேனையை மூடினார். மேலே நின்ற உம்மாவைப் பார்த்தார், கீழே நின்ற என்னைப் பார்த்தார். இந்த இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு அரசாங்கத்திடம் என்னத்தை அடிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.